பூகோள டீச்சருக்கு ஒரு மேப்

முப்பது வருடம் பள்ளியில் பூகோளம் நடத்தியவளுக்கு வழி தெரியாது என்றால் யாரும் நம்புவதில்லை. நம்பாவிட்டால் போகட்டும். தி.நகருக்குப் போனால், வீடு திரும்பும் பஸ் எந்தப் பக்கம் நிற்கும் என்று இன்றைக்கும் யாரையாவது கேட்டுத்தான் தெரிந்துகொள்கிறேன். உலக உருண்டையைக் கொடுத்தால் எந்த நாட்டையும் கண்ணை மூடிக்கொண்டு தொடுவேன். நடந்து போகச் சொன்னால்தான் தகராறு.

எனக்குத் தெரிந்த ஒரே திசை கடல். சாந்தோமில் எங்கள் வீட்டு ஜன்னலைத் திறந்தால் உப்புக்காற்று வரும். கடல் இருக்கும் பக்கம் கிழக்கு. மற்ற மூன்றையும் அதிலிருந்து கணக்குப் போட்டுக்கொள்வேன். ஊருக்குள் இது போதும். மலையில் கடல் ஏது? அங்கே நான் அம்பேல்.

ஆனாலும் பதினெட்டு வருடமாக மலை ஏறிக்கொண்டிருந்தேன். வீட்டுக்காரருக்கு நடைப் பைத்தியம். சனிக்கிழமை மாலைப் பூசை பார்த்துவிட்டு, ஞாயிறு விடிவதற்குள் கிளம்பிவிடுவோம். சதுப்பு நிலம், ஏரிக்கரை, ஆந்திர எல்லையில் இருக்கும் மலைகள். என்னோடு வேலை பார்த்த நான்கு டீச்சர்களும் சேர்ந்துகொண்டார்கள். அவர் முன்னால் போவார். நாங்கள் அவர் முதுகைப் பார்த்துக்கொண்டு பின்னால் போவோம்.

போன வருடம் அவருடைய வலது முட்டியை மாற்றினார்கள். மலையை இனிமேல் மறந்துவிடுங்கள் என்றார் டாக்டர். அவர் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். எனக்குத்தான் மனசு ஒப்பவில்லை. ஒரு வாரம் கழித்து எங்கள் கூட்டத்துக் கணக்கு டீச்சர் போன் செய்து, "அப்ப ஞாயித்துக்கெழம நடையெல்லாம் அவ்ளோதானா?" என்று கேட்டாள். அந்தக் குரலில் இருந்த பரிதாபம் எனக்குப் பிடிக்கவில்லை. "ஏன், நான் கூட்டிட்டுப் போறேன்" என்று சொல்லிவிட்டேன். அடுத்த மாதக் கடைசி ஞாயிறு என்று நாளும் குறித்தாயிற்று. போனை வைத்த பிறகு திருதிருவென்று முழித்தேன். நான் வழி தவறினால் ஐந்து பெண்கள் காட்டில் நிற்போம். நான் பின்வாங்கினால் பதினெட்டு வருடப் பழக்கம் அன்றோடு முடிந்தது.

"டீச்சரு வாயக் குடுத்து மாட்டிக்கிட்டாங்க" என்று ஐஸ் பையை முட்டியில் வைத்துக்கொண்டே சிரித்தார் வீட்டுக்காரர். "போன்ல நல்ல மேப்பா பாத்து ஒண்ணு வெச்சுக்கோ. மொதல்ல இங்கயே நடந்து பாரு. நம்ம ஊர்ல தொலஞ்சா ஆட்டோ இருக்கு."

அவர் சொன்னபடியே ஆட்டோவில்தான் முடிந்தது. எல்லோர் போனிலும் இருக்கும் மேப்பை முதலில் சோதிக்கலாம் என்று மாம்பலம் ஸ்டேஷனில் இறங்கி, பாண்டி பஜாருக்கு வழி கேட்டேன். ரங்கநாதன் தெருவுக்குள் நுழைந்ததும் என்னைக் குறிக்கும் நீலப் புள்ளி ஒரு ஜவுளிக் கடைக்குள் புகுந்துகொண்டு வெளியே வரமாட்டேன் என்றது. கூட்டம் என்னைத் தள்ளிக்கொண்டே உஸ்மான் சாலையில் கொண்டுவந்து விட்டது. நான் திரும்பினால் மேப்பும் திரும்பியது. நான் நின்றால் அது அரை வட்டம் அடித்தது. மேப்புக்குள்ளிருந்து பேசும் அம்மாள் இடது பக்கம் போகச் சொன்னதைக் கேட்டுவிட்டு வலது பக்கம் நடந்து, பஸ் நிலையத்து வாசலில் போய் நின்றேன்.

"இன்னாம்மா, போனப் பாத்துக்கினே நடுரோட்ல நின்னுக்கினு கீற?" என்று ஓர் ஆட்டோக்காரர் பிரேக் போட்டார். பாண்டி பஜார் என்றேன். "அது அந்தாண்ட கீது. நீ தலகீழா வந்துகீற. குந்து." மூக்கு உடைந்தவளாக உட்கார்ந்தேன். நேராக வீட்டுக்கே விடச் சொன்னேன்.

ஆட்டோவில் வரும்போதே அந்த மேப்பைக் கழித்துவிட்டேன். மலையில் சிக்னல் கிடையாது. பேசிக்கொண்டே வரும் அம்மாள் அங்கே வாயை மூடிக்கொள்வாள்.

இரண்டாவது, வெளிநாட்டில் மலை ஏறுகிறவர்கள் வைத்திருக்கும் செயலி. பார்த்ததும் மயங்கிவிட்டேன். சம உயரக் கோடுகள் ஒவ்வொன்றும் அவ்வளவு சுத்தமாக இருந்தன. கரும்பலகையில் நான் வளைத்து வளைத்துப் போட்ட அதே கோடுகள். முன்னால் நடந்தவர்கள் பதிந்துவைத்த தடங்களும் அதில் இருந்தன. கோட்டூர்புரத்தில் குடியிருப்புக்குப் பின்னால் அடையாற்றை ஒட்டி ஒரு தடம் தெரிந்தது. அதைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். புள்ளி ஒழுங்காகக் கூடவே வந்தது. நான் நிமிர்ந்து பார்த்தபோது எதிரே ஆள் உயரச் சுவர்.

குடத்தோடு அந்தப் பக்கம் வந்த அம்மா என்னையும் போனையும் மாறி மாறிப் பார்த்தார். "அந்த வழி எப்பவோ போச்சும்மா. முன்ன அங்க எங்க வூடுங்க இருந்துச்சு. எங்காளுங்களுக்கு ஊருக்கு வெளிய வூடு குட்து அனுப்ச்சப்பவே செவுரு எழுப்பிட்டாங்க. நான் இங்க வேலைக்கு வரேன், அதான் தெரியும்." என் போனில் அந்த வீடுகளுக்கு நடுவே யாரோ நடந்த கோடு அப்படியே இருந்தது. எந்த வருடத்துத் தடம் என்று தேடிப் பார்த்தேன். மிகப் பழையது. மேப்பின் வயதைப் பார்க்காமல் அதன் அழகை மட்டும் பார்த்ததற்கு வெட்கமாக இருந்தது. பிள்ளைகளிடம் நான் முதலில் கேட்கச் சொன்ன கேள்வியே, இந்தப் படம் எப்போது வரைந்தது என்பதுதான்.

மூன்றாவதை நானே தேடிப் பிடித்தேன். ஊர் ஊராக ஆர்வலர்கள் வரைந்து, அவர்களே அடிக்கடி திருத்தும் மேப். மொத்தமாக இறக்கி வைத்துக்கொண்டால் சிக்னல் இல்லாமலும் நடக்கும். பெசன்ட் நகர் கடற்கரையிலிருந்து உடைந்த பாலத்துக்கு நடந்துகொண்டே அதன் அமைப்புகளைக் குடைந்தபோது ஒரு வரி கண்ணில் பட்டது: வடக்கை எப்போதும் மேலேயே வைக்கவும். அழுத்தினேன். சுற்றிக்கொண்டிருந்த மேப் சட்டென்று நின்றது. நான் எந்தப் பக்கம் திரும்பினாலும் கடல் மேப்பின் வலது ஓரத்திலேயே இருந்தது.

மணலில் நின்று சத்தமாகச் சிரித்தேன். வகுப்புச் சுவரில் நான் மாட்டிய எந்த மேப்பும் சுற்றியதில்லையே! ஆணி அடித்து மாட்டிய மேப்பில் எனக்கு எல்லாம் தெரியும். சுற்றுகிற மேப்தான் என்னை ஏமாற்றிக்கொண்டிருந்தது. அன்று பாலம் வரை போய், வேறு வழியாக, யாரையும் கேட்காமல் திரும்பி வந்தேன். பெரிய சந்தோஷம்.

மலையின் மேப்பை இறக்கியதும், "நான் வேணா குறி போட்டுத் தரட்டுமா?" என்று கேட்டார் வீட்டுக்காரர். வேண்டாம் என்றேன். நீங்கள் போட்ட குறியைப் பார்த்து நடந்தால் மறுபடியும் உங்கள் முதுகைப் பார்த்து நடந்த மாதிரிதான் என்றேன். ஆனால் உள்ளுக்குள் பயம் விடவில்லை. அதனால் நான் இருக்கும் இடம் அவர் போனில் தெரிகிற மாதிரி வைத்து, "சிக்னல் கெடைக்கிற எடத்துல எல்லாம் என் புள்ளி தெரியும். கண்ண எடுக்காமப் பாத்துட்டே இருங்க" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

நாங்கள் ஏற்கெனவே இரண்டு தடவை ஏறிய மலைதான் அது. ஆனால் ஐந்து பேரில் ஒருவருக்கும் வழி ஞாபகமில்லை. ஒரு மணி நேரம் ஏறியதும் ஓடை குறுக்கிட்டது. அங்கே பாதை இரண்டாகப் பிரிந்தது. பாறையில் யாரோ சிவப்புப் பெயின்டில் இடது பக்கம் அம்புக்குறி போட்டிருந்தார்கள். "அம்புதான் இருக்கே, வாங்க" என்று கணக்கு டீச்சர் இரண்டடி வைத்துவிட்டாள். நான் எல்லோரையும் நிறுத்தினேன். மேப்பில் இரண்டு பாதையும் மேலே ஒரே சுனையில்தான் போய்ச் சேர்ந்தன. இடது பாதையில் தூரம் குறைவு. ஆனால் அதன்மேல் சம உயரக் கோடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கிடந்தன. அப்படி என்றால் செங்குத்து. வலது பாதையில் கோடுகள் தள்ளித் தள்ளி இருந்தன. கோடு நெருங்கினால் சரிவு கடுமை என்று எத்தனை வகுப்புக்குச் சொல்லியிருப்பேன்! என் காலுக்காக நான் அதைப் படித்தது அன்றைக்குத்தான்.

"வலது பக்கம்" என்றேன். முக்கால் மணி நேரத்தில் சுனைக்கு வந்துவிட்டோம். இடது பக்கப் பாதை மேலே வந்து சேரும் இடத்தைப் பார்த்தோம். கிட்டத்தட்டச் சுவர். கணக்கு டீச்சர் எட்டிப் பார்த்துவிட்டு, தன் டப்பாவிலிருந்த எலுமிச்சை சாதத்தில் பாதியை எனக்கு வைத்தாள்.

சுனைக்கு மேலே இருந்த மேட்டில் சிக்னல் வந்தது. பாவம், காலையிலிருந்து மனுஷன் போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு தவித்திருப்பார் என்று உடனே கூப்பிட்டேன். மூன்றாவது முறைதான் எடுத்தார். எதையோ மென்றுகொண்டிருந்தார்.

"வந்து சேந்துட்டோம். புள்ளி தெரிஞ்சிச்சா?"

"எந்தப் புள்ளி? ஓ, அதுவா. போன வீட்லயே வெச்சுட்டுப் போய்ட்டேன். கோல ஊனிக்கிட்டு நொச்சிக்குப்பம் வரைக்கும் நடந்து மீன் வாங்கிட்டு இப்பதான் வரேன். சங்கரா, நல்ல பெருசு."

கோபம் பொத்துக்கொண்டு வந்தது. முட்டியை வைத்துக்கொண்டு மீன் வாங்கப் போனதற்குத் தனியாக, என்னைக் காட்டில் விட்டதற்குத் தனியாகத் திட்டினேன். "ஒரு தடவகூடப் பாக்கலியா? எனக்கு ஏதாவது ஆயிருந்தா?"

"எதுக்குப் பாக்கணும்?" என்றார் அவர், நான் கேட்டது புரியாதவராக. "நீதானே கூட்டிட்டுப் போயிருக்க."

மீனைச் சுத்தம் செய்து வைக்கச் சொல்லிவிட்டுப் போனை வைத்தேன். கீழே நால்வரும் கை கழுவிவிட்டு, பையை மாட்டிக்கொண்டு, நான் வந்து முன்னால் நடப்பதற்காகக் காத்திருந்தார்கள்.