கடைசி ஆறு நிறுத்தங்கள்

எனக்குப் பக்கத்து மேஜைக்காரிக்கு நாங்கள் வைத்த பேர் ஆமை. அவசரம் என்பது அவள் ரத்தத்திலேயே கிடையாது. பஸ்ஸுக்குள் அடுத்த நிறுத்தத்தைக் காட்டும் பலகைக்கு நிரல் எழுதுவது எங்கள் பிழைப்பு. அரதப் பழசான பலகை. ஐந்நூறு எழுத்துக்கு மேல் அதில் ஏறாது. பேர்களை வரிசையாக ஒட்டி, ஒவ்வொன்றின் முடிவிலும் ஒரு புள்ளி வைப்போம். சொன்ன இடத்தில் தொடங்கிப் புள்ளி வரை காட்டும். அவ்வளவுதான் அதன் அறிவு.

புது வழித்தடத்துக்கு நாற்பது எழுத்து இடம் போதவில்லை. "கடைசி ஆறு ஸ்டாப்பைத் தூக்கிடுங்க. அங்க யாரு இறங்கப் போறாங்க?" என்றார் மேனேஜர்.

ஆமையின் அப்பா அங்கேதான், மார்க்கெட் வாசலில் இறங்குகிறார். மில் இரைச்சலில் காது போனவர். அந்தப் பக்கம் போகும் பஸ்ஸில் பலகை இல்லை; கண்டக்டர் கூவுவதும் கேட்காது. தினமும் பக்கத்து சீட்டுக்காரரின் தோளைத் தட்டிக் கேட்க வேண்டும். சிலர் மூஞ்சியைத் திருப்பிக்கொள்வார்களாம்.

"மூணு நாள் குடுங்க சார்," என்றாள்.

'புதுப்பாலம்' இருக்கும்போது 'பாலம்' தனியாக எதற்கு? நடுவில், 'பா'வில் தொடங்கினால் போதுமே என்று யோசித்தாள். நல்ல யோசனைதான். அதே வேகத்தில், 'மார்க்கெட் வாசல்' இருக்கிறதே என்று 'மார்க்கெட்'டையும் நீக்கிவிட்டாள். சோதனைக்கு ஒரு பஸ்ஸில் போட்டோம். முந்தின நிறுத்தமான மார்க்கெட்டிலேயே பலகை புள்ளி வரை ஓடி 'மார்க்கெட் வாசல்' என்று காட்ட, அதை நம்பி இறங்கிய அப்பா ஒரு ஸ்டாப் தூரம் வெயிலில் நடந்தார்.

"ஆமை அவசரப்பட்டா இப்படித்தான்," என்று சொல்லிவிட்டேன். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

"சரிதான்க்கா," என்றாள். "முடிவு ஒண்ணா இருந்தாத்தான் எடுக்கலாம். ஆரம்பம் ஒண்ணா இருந்து என்ன பிரயோஜனம்?"

மறுநாள் எல்லாப் பேரையும் கடைசி எழுத்திலிருந்து முதலெழுத்துக்குத் திருப்பி எழுதி, அகர வரிசையில் அடுக்கினாள். ஒரே முடிவுள்ளவை தாமாகவே அடுத்தடுத்து வந்து நின்றன. இனி ஒவ்வொரு பேருக்கும் அடுத்ததை மட்டும் பார்த்தால் போதும். அடுத்தது இதே எழுத்துகளில் தொடங்கினால் இது தேவையில்லை. பாலம், காலனி, ரோடு எல்லாம் கழன்றன. நாற்பத்தாறு எழுத்து மிச்சமானது. கடைசி ஆறு நிறுத்தமும் பலகையில் ஏறின. எனக்குப் பொறாமையாகக்கூட இருந்தது.

பலகை ஓடத் தொடங்கிய அன்று சாயங்காலம் அவள் வீட்டுக்குப் போனேன். அப்பா வந்தார். வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டே மகளிடம் சொன்னார்:

"இன்னைக்கு யார் தோளையும் தட்டலம்மா."