நிற்பவர்கள் மட்டும் தெளிவாக

கேமராவை மாற்றியே ஆக வேண்டும் என்று எனக்குத் தோன்றியது ஒரு மின்னஞ்சலைப் படித்த பிறகுதான். எழுதியவன் சவுதியில் மீன்பிடிப் படகில் வேலை பார்ப்பவன். அவனுடைய அப்பா இறந்து பன்னிரண்டு நாள் ஆகியிருந்தது. மணவாளக்குறிச்சிக்குப் பக்கத்துக் கடற்கரை ஊரில் நடந்த அந்த அடக்கத்துக்குப் படம் எடுத்தவன் நான். முதலாளி பாஸ்போர்ட்டைக் கொடுக்கவில்லை என்பதால் மகனால் வர முடியவில்லை. ஊரைவிட்டுப் போய் ஆறு வருடம் ஆகிறது. அவன் அப்பாவைக் கடைசியாகப் பார்ப்பதென்றால் நான் அனுப்பிய படங்களில்தான் பார்க்க வேண்டும்.

தமிழை ஆங்கில எழுத்தில் தட்டியிருந்தான். "அண்ணே, படத்தப் பெருசாக்கிப் பாத்தேன். அம்மைக்க கண்ணுல நிக்குத தண்ணிகூடத் தெரியுது. அப்பனுக்க முகம் மட்டும் தெளிஞ்சு வரல்ல. வேற படம் உண்டுமா?"

எடுத்த எழுபது படங்களையும் அன்றைக்கே திறந்து பார்த்தேன். ஒன்றில்கூட அந்த முகம் தெளிவாக இல்லை. மூக்கு தெரிந்தது, நரைத்த மீசை தெரிந்தது, ஆனால் நீராவி படிந்த கண்ணாடிக்குப் பின்னால் இருப்பது போல எல்லாம் கரைந்து கிடந்தன. 'பார்த்துச் சொல்கிறேன் தம்பி' என்று ஒரு வரி பதில் போட்டுவிட்டுக் கணினியை அணைத்தேன். பிறகு குற்றத்தைக் கேமராவின் தலையில் கட்டுகிற வேலையை ஆரம்பித்தேன்.

எனக்கு ஸ்டுடியோ கிடையாது. பள்ளிக்கூட அலுவலகத்தில் எழுத்தர் வேலை. ஓய்வு நேரத்தில் கல்யாணம், ஞானஸ்நானம், அடக்கம் என்று கேமராவைத் தூக்கிக்கொண்டு போவேன். கையில் இருந்தது ஆறு மெகாபிக்சல் டிஜிட்டல் எஸ்.எல்.ஆர். கைப்பிடியின் ரப்பர் உரிந்து, பசை போட்டு ஒட்டியிருந்தேன். வெளிச்சம் குறைந்த இடத்தில், மங்கலிலும் படம் விழச் செய்கிற ஐ.எஸ்.ஓ. அளவைக் கொஞ்சம் கூட்டினாலும், மணவாளக்குறிச்சிக் கடற்கரையின் கறுத்த மண்ணை அள்ளித் தூவியது போலப் படம் முழுக்கப் புள்ளி விழும்.

எங்கள் பக்கத்துக் கிறிஸ்தவ வீடுகளில் அடக்கத்துக்கு முன்னால் ஒரு படம் எடுப்பார்கள். பெட்டியைத் திறந்தபடி குறுக்கே வைத்து, தலைமாட்டைச் சற்று உயர்த்தி, பின்னால் குடும்பம் மொத்தமும் வரிசையாக நிற்கும். உபதேசியார் ஜெபத்தை நிறுத்திக் காத்திருப்பார். அழுகிறவர்கள்கூட அந்த ஒரு நிமிடம் அழுகையை அடக்கிக்கொண்டு கேமராவைப் பார்ப்பார்கள். அந்தப் படம் பிரேம் போட்டுச் சுவருக்குப் போகும். வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு ஒன்று அனுப்புவார்கள். அது இல்லாவிட்டால் அடக்கமே முறையாக நடக்கவில்லை என்று நினைக்கிற வீடுகள் உண்டு.

ஆரம்பத்தில் ஃபிளாஷ் போட்டுத்தான் எடுத்தேன். ஒரு வீட்டில் ஃபிளாஷ் மின்னிய நொடியில் இறந்தவரின் மகள், "அப்பாக்க கண்ணு அனங்கிச்சு!" என்று அலறிவிட்டாள். பெட்டியை மூட விடவில்லை. அரைமணி நேரம் மூக்கில் கை வைத்துப் பார்த்தார்கள், நாடி பிடித்துப் பார்த்தார்கள். வெளிச்சம் பட்டு இமையின் நிழல் நகர்ந்திருக்கும், அவ்வளவுதான் என்று எனக்குத் தெரியும். தெரிந்து என்ன? அன்றிரவு எனக்கும் தூக்கம் வரவில்லை. அதற்குப் பிறகு பெட்டிக்கு முன்னால் நான் ஃபிளாஷ் போட்டதில்லை.

ஃபிளாஷ் இல்லையென்றால் வெளிச்சத்துக்கு எங்கே போவது? இணையத்தில் கேட்டேன். பழைய கேமரா வைத்திருக்கிறேன், கையில் அதிகம் இல்லை, எதை மாற்றலாம் என்று யார் கேட்டாலும் அங்கே இருக்கிற புண்ணியவான்கள் ஒரே பதிலைத்தான் சொல்வார்கள். கேமராவை விடு, ஐம்பது எம்.எம். லென்ஸை வாங்கு. விலை மலிவு, வாய் அகலம், இருட்டிலும் படம் விழும். நானும் வாங்கினேன். உண்மையிலேயே நல்ல லென்ஸ். ஜன்னல் வெளிச்சத்திலேயே படங்கள் பளிச்சென்று வந்தன. நீ எதைப் படம் எடுக்கப் போகிறாய் என்று மட்டும் அவர்களில் ஒருவரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

மின்னஞ்சல் வந்த பிறகு மறுபடியும் அந்தப் புண்ணியவான்களிடமே போனேன். இரண்டு வழி தெரிந்தது. புதிதாக வந்த சிறிய கேமரா ஒன்று. மெகாபிக்சல் மூன்று மடங்கு, ஆனால் கையில் எடுத்தால் விளையாட்டுச் சாமான் மாதிரி இருக்கும். இன்னொன்று, நாலைந்து வருடம் முந்தைய பெரிய கேமரா, யாரோ பயன்படுத்தியது. அதில் ஐ.எஸ்.ஓ.வை எவ்வளவு ஏற்றினாலும் புள்ளி அதிகம் விழாது. ஷட்டர் எத்தனை தடவை அடித்திருக்கிறது என்று பார்த்து வாங்க வேண்டும். நான் பட்டியல் போட்டேன், அடித்தேன், மறுபடி போட்டேன். ஒரு வாரம் இப்படிப் போனது.

மனைவி ஒருநாள் பின்னால் வந்து நின்றாள். "இஞ்ச பாருங்க, அந்தப் பையன் கேட்டதுக்கு ஒரு வார்த்த சொன்னியளா?"

"கேமராவுல ஃபோகஸ் பிரச்சினை. அதைச் சரி பண்ணணும் முதல்ல."

"நீங்க புதுக் கேமரா வாங்குனா அவனுக்க அப்பன் எழும்பி வந்து நிப்பாரா?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டாள். எனக்குக் கோபம் வந்தது. பதில் இல்லாதபோதுதான் எனக்கு அப்படிக் கோபம் வரும்.

அடுத்த சனிக்கிழமை கேமராவையும் லென்ஸையும் ஒரு பென்டிரைவையும் எடுத்துக்கொண்டு நாகர்கோவிலுக்குப் போனேன். அங்கே கேமரா பழுது பார்க்கிற நண்பன் ஒருவன் உண்டு. அவனிடமே அந்தப் பழைய பெரிய கேமராவும் விற்பனைக்கு வந்திருந்தது. அவன் ஒரு காலண்டர் தாளைச் சுவரில் ஒட்டி, என் கேமராவால் பத்துப் படம் எடுத்துப் பார்த்தான். எல்லாத் தேதிகளும் கத்தியால் வெட்டியது போல விழுந்திருந்தன.

"இதுக்கு ஒரு கொழப்பமும் இல்லியே" என்றான். "படத்தக் காட்டு."

பென்டிரைவில் மூன்று வருடத்து அடக்கப் படங்கள் இருந்தன. முதலில் அந்தக் கடற்கரை வீட்டுப் படத்தைத் திறந்து பெரிதாக்கினான். பிறகு அடுத்த வீடு, அதற்கடுத்த வீடு என்று திறந்துகொண்டே போனான். ஒவ்வொன்றிலும் நேராகப் பெட்டிக்குள் போய் முகத்தைப் பெரிதாக்கினான். ஒரு கிழவி. கழுத்தில் டை கட்டிய ஆசிரியர் ஒருவர். ஒரு பத்தொன்பது வயதுப் பெண். ஒருவருக்கும் முகம் தெளிவாக இல்லை. பின்னால் நிற்கிறவர்களின் சேலைக் கரையில் நூல் பிரிந்திருப்பதுகூடத் தெரிந்தது. கிடக்கிறவர்கள் எல்லாரும் ஒரே மாதிரி மங்கிப் போயிருந்தார்கள்.

"லென்ஸை முழுசாத் தொறந்து வச்சு எடுத்திருக்க. இப்படி எடுத்தா ஒரு வரிசைதான் தெளியும். நீ நிக்குதவங்க மேலயில்லா ஃபோகஸ் வச்சிருக்க. ரெண்டடி முன்னால கெடக்குத ஆளு எப்படித் தெளிவாரு?"

"இத்தனை வருசமா ஒருத்தரும் சொல்லல்லியே."

"கையகலப் படத்துல தெரியாது மக்கா. பெருசாக்கிப் பாத்தாத்தான் தெரியும். நம்மூருல செத்த முகத்த யாரு பெருசாக்கிப் பாப்பா?"

வர முடியாதவன் பார்ப்பான்.

அந்தக் கடையில் உட்கார்ந்தபடியே கணக்குப் போட்டேன். குளச்சலிலிருந்து சுசீந்திரம் வரை எத்தனை வீட்டுச் சுவர்களில் அந்தப் படங்கள் தொங்குகின்றன! ஒவ்வொரு வீட்டிலும் உயிரோடு இருப்பவர்கள் துல்லியமாக நிற்க, இறந்தவர் மட்டும் அரைகுறையாகக் கிடக்கிறார். எல்லாம் என் கைவேலை. லென்ஸையும் பழி சொல்ல முடியாது. குடும்பப் படத்துக்கு முன்னால் முகத்தை மட்டும் தனியாக ஒன்று எடுக்க ஒரு நிமிடம்கூட ஆகாது. நான் எடுத்ததில்லை. மரியாதைக்காக விட்டுவிடுகிறேன் என்று கேட்டவர்களிடம் சொல்லியிருக்கிறேன். மரியாதையும் இல்லை, மண்ணும் இல்லை. பயம். அந்த மகள் அலறிய நாளுக்குப் பிறகு பெட்டிக்குள் நான் பார்த்ததே இல்லை. வ்யூஃபைண்டரில் நிற்கிறவர்களைப் பார்ப்பேன், அழுத்துவேன், திரும்பிவிடுவேன்.

பெரிய கேமராவையே வாங்கினேன். ஐ.எஸ்.ஓ.வை ஏற்றி, லென்ஸின் வாயைச் சுருக்கினால் கிடக்கிறவரும் நிற்கிறவரும் ஒன்றாகத் தெளிவார்கள் என்று நண்பன் எடுத்துக் காட்டினான். நல்ல யோசனைதான். மூன்று வருடம் பிந்திவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்ததும் சவுதிக்கு நானே போன் போட்டேன். உண்மையைச் சொல்லிவிடுவது என்ற முடிவோடுதான் போட்டேன். தவறு கேமராவுடையது இல்லை, என்னுடையது, வேறு படம் இல்லை, மன்னித்துக்கொள் என்று சொன்னேன். அவன் திட்டுவான் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"செரி அண்ணே. போட்டு, விடுங்க" என்றான். "படம் இல்லண்ணாலும் நீங்க கிட்ட நின்னு பாத்தியள்லா. எனக்கு அது போதும். எப்படி இருந்தாரு?"

"தூங்குத மாதிரிதான் தம்பி."

"கடசியா வழுக்கி விழுந்து நெத்தியில அடிபட்டிச்சுன்னு அம்மை சொன்னா. கேட்டா அழுதா, அதுக்கு மேல கேக்கல்ல. எந்தப் பக்கம் அண்ணே?"

நான் அந்தப் பெட்டியிலிருந்து பதினைந்தடி தள்ளி ஒரு மணி நேரம் நின்றிருக்கிறேன். காயம் இருந்ததே எனக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்ல வாயைத் திறந்தேன். அவன் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பது கேட்டது.

"எடது பக்கம்" என்றேன். "சின்னதுதான்."

"எடது பக்கம்" என்று அவன் மெதுவாகத் திருப்பிச் சொன்னான். "செரி அண்ணே. இனி எனக்கு நெனச்சுப் பாக்கலாம்."

அதற்குப் பிறகு அந்த ஊர் வழியாக எத்தனையோ தடவை பஸ்ஸில் போயிருக்கிறேன். நிறுத்தத்திலிருந்து நாலு வீடு தள்ளித்தான் அந்த அம்மா இருக்கிறாள். இறங்கிப் போய் ஒரு வார்த்தை கேட்டால் காயம் எந்தப் பக்கம் என்று தெரிந்துவிடும். நான் இதுவரை இறங்கவில்லை.