ரெண்டரை

ஏலக்கூடத்தில் என் வீட்டுக்காரரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ரெண்டரை என்றால்தான் தெரியும். மீன் கூடையை முன்னால் வைத்துக்கொண்டு, விலையை ஏற்றிக்கொண்டே போய், "ஒரு தரம்... ரெண்டு தரம்..." என்பார். மூணாவது தரம் சொல்லிவிட்டால் கூடை கைமாறிவிடும், அப்புறம் யார் வந்தாலும் மாற்ற முடியாது. இவர் அதை லேசில் சொல்லமாட்டார். தலையைச் சொறிவார், மீனின் கண்ணைப் பார்ப்பார், எதிரில் நிற்பவரின் சம்பந்தியை நலம் விசாரிப்பார். "சொல்லித் தொலைங்கண்ணே, மீன் நாறிடும்!" என்று கத்துவார்கள். அந்த இழுப்பில் யாராவது ஒருவர் மனசு கேட்காமல் விலையைக் கூட்டிவிடுவார். இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவிலேயே பிழைப்பு நடத்தியவர் என்பதால் ரெண்டரை.

அந்த வாயைத்தான் பக்கவாதம் பிடுங்கிக்கொண்டது. வலது கை, பாதி முகம், கூடவே பேச்சு. நாம் சொல்வது அவருக்குப் புரிகிறது, சிரிக்கிற இடத்தில் சிரிக்கிறார். பதில் சொல்ல வாயைத் திறந்தால் மட்டும், "ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம்." தண்ணீர் வேண்டுமா என்றாலும் அதுதான், வலிக்கிறதா என்றாலும் அதுதான். சொன்ன பிறகு, இதைச் சொல்ல வரவில்லையே என்று தொடையில் அடித்துக்கொள்வார்.

பேச்சுப் பயிற்சி கொடுக்க வந்த பெண் பொறுமைசாலி. "அம்மா, நாமளா யோசிச்சுக் கோத்துப் பேசுற பேச்சு ஒரு வழியில வருது. சொல்லிச் சொல்லித் தேஞ்ச பேச்சு வேற வழியில வருது. ஐயாவுக்கு அடைபட்டது அந்த மொத வழி" என்றாள். 'ஒண்ணு' என்று எடுத்துக்கொடுத்தாள். பத்துவரை கடகடவென்று ஓடினார். "நாலு மட்டும் சொல்லுங்க ஐயா" என்றாள். முழித்தார். மறுபடி ஒன்றிலிருந்து கிளம்பி, நாலில் நிற்க முடியாமல் பத்தில் போய் விழுந்தார்.

"ஆரம்பிச்சா அதுவா ஓடிடும்மா. நடுவுல நிறுத்துறது அவருக்கு ரொம்பக் கஷ்டம்."

எனக்கு எங்கே அது காதில் ஏறியது? ஏலக்காரருக்கு ஏலம் சொல்ல வருகிறதே, இதைவிட என்ன வேண்டும் என்று புத்தி குறுக்கே ஓடியது. ஏலக்கூடத்து முதலாளியிடம் போய் அழுதேன். இவரை அண்ணே என்று கூப்பிடுகிறவர் அவர்.

"ஒரு நாள் காலையில வந்து நிக்கட்டும் அண்ணி. சரிப்பட்டா அவர் இடம் அவருக்கு. இல்லேன்னா என்னைத் தப்பா நினைக்கக் கூடாது."

வெள்ளைச் சட்டை போட்டுவிட்டு, பொத்தான் மாட்டி, கையைப் பிடித்து அழைத்துப்போனேன். ஐஸ் உருகி ஓடும் தரையில் அவருடைய பழைய இடத்தில் நிறுத்தினேன். விசில் பறந்தது. முதல் கூடை ஒரு படகுக்காரருடையது, ததும்பத் ததும்ப நல்ல மீன். பேச்சைத் தொடங்கிவைக்க யாரோ அடிமட்ட விலை ஒன்றைக் கேட்டார். ஏலத்தில் முதலில் அப்படித்தான் கேட்பார்கள். இவர் கணீரென்று அந்தப் பழைய குரலில், "ஒரு தரம்!" என்றார். எனக்குப் புல்லரித்தது.

"ரெண்டு தரம் மூணு தரம்!"

மூச்சு விடவில்லை. முடிந்துவிட்டது.

"யோவ் ரெண்டரை! என் உழைப்பைத் தூக்கிக் குடுத்துட்டியேய்யா!" என்று படகுக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். இவர் விளக்கம் சொல்ல வாயைத் திறந்தார். திரும்பவும் அதே மூணு தரம். யாரோ சிரித்தார்கள். அவர்கள் நாசமாகப் போக.

"வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிருங்க அண்ணி" என்றார் முதலாளி, என் முகத்தைப் பார்க்காமல்.

வீட்டுக்குள் நுழைந்ததும் எனக்குள் அடக்கிவைத்ததெல்லாம் வெடித்தது. "நான் யாருங்க? சொல்லுங்க! இத்தனை வருஷம் கூட இருந்தவ யாரு? பேரு கூட வேணாம். ஏய்னு கூப்பிடுங்க, கெட்ட வார்த்தையில திட்டுங்க!"

"ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம்."

"சுவத்தோட பேசிப் பேசி எனக்குப் பைத்தியம் பிடிக்குது. இனி என்னால முடியாது. நான் எங்க அண்ணன் வீட்டுக்குப் போறேன்."

மிரட்டவில்லை, போகத்தான் கிளம்பினேன். சேலைகளைப் பையில் திணித்துக்கொண்டு வாசலைத் தாண்டப் போனபோது முந்தானை இழுபட்டது. இடது கையால் பிடித்திருந்தார்.

"ஒரு தரம்" என்றார்.

"விடுங்க."

"ரெண்டு தரம்."

மூன்றாவதையும் கேட்டுத் தொலைத்துவிட்டுப் போகலாம் என்று நின்றேன். முந்தானையை விட்டார். அந்தக் கையாலேயே தன் வாயைப் பொத்திக்கொண்டார். உள்ளே அது முட்டுவது தெரிந்தது. கன்னம் துடித்தது, கழுத்து நரம்பு புடைத்தது, கண்ணிலிருந்து நீர் கொட்டியது. கையை எடுக்கவில்லை.

பை எங்கே விழுந்தது என்று தெரியவில்லை. அவருடைய கை நழுவப் பார்த்தது. அதன்மேல் என் இரண்டு கைகளையும் வைத்து அழுத்திக்கொண்டேன்.