வாசலில் இருந்து கபர் வரைக்கும்

எனக்குக் கோபம் சட்டென்று வரும். வேலை அப்படி. கங்கைகொண்டான் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்கிறேன். "சார், ஃபைல் எல்லாம் போச்சு" என்று யாராவது மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தால், "இன்னொரு காப்பி வச்சிருக்கியா, இல்லையா?" என்றுதான் முதலில் கேட்பேன். இல்லை என்று சொன்னால் தொலைந்தார்கள். ஒரே இடத்தில் வைத்ததை உன்னுடையது என்று சொல்லாதே என்று வாய் கிழியப் பேசுவேன். அப்படிப்பட்ட நான் என் அண்ணனுடைய கடைசி வீடியோவை ஒரே இடத்தில்தான் வைத்திருந்தேன். அதற்காக என்னைத் திட்ட ஆள் இல்லாமல் போனது.

அண்ணன் ஜித்தாவில் ஒரு கடையில் வேலை பார்த்தான். ஒருநாள் காலையில் நெஞ்சு வலிக்கிறது என்று படுத்தவன் எழுந்திருக்கவில்லை. மய்யித்தை ஊருக்குக் கொண்டுவர நாள் பிடிக்கும் என்றார்கள். பிள்ளையைக் காக்க வைக்க வேண்டாம், அங்கேயே அடக்கிவிடுங்கள் என்று வாப்பா சொல்லிவிட்டார். மேலப்பாளையத்தில் எங்கள் தெருவிலேயே அப்படி மூன்று நான்கு பேர் உண்டு. அங்கே மௌத்தானவர்களுக்கு அங்கேயே மண். வீட்டில் இருக்கிறவர்களுக்குப் போனில் ஒரு வீடியோ வரும்.

எங்களுக்கு வந்த வீடியோவை, அண்ணனோடு ஒரே அறையில் தங்கியிருந்த கூட்டாளி எடுத்திருந்தார். முதலில் கபன் துணியை விலக்கி முகத்தைக் காட்டுகிறார்கள். பிறகு தொழுகை. அதற்குப் பிறகு மையவாடி வாசலில் தொடங்கி, மய்யித்தைத் தூக்கிப் போகிறவர்களுக்குப் பின்னாலேயே, குழி வரைக்கும் போனைப் பிடித்தபடி அவர் நடந்திருக்கிறார். "அங்க கபருக்குப் பேரு எழுத மாட்டாங்க தம்பி. மண்ணும் ஒரு கல்லும்தான். பின்னால யாரும் வந்தா தேடக் கூடாதுன்னு வாசல்ல இருந்தே எடுத்திருக்கேன்" என்று அவர்தான் சொன்னார். ஆயிரம் கல்லில் எது என் அண்ணன் என்று காட்ட அந்த நடை ஒன்றுதான் இருந்தது.

போனில் கிடந்தால் பிள்ளைகள் கை பட்டு அழிந்துவிடும் என்று அதை அண்ணன் வீட்டுக் கம்ப்யூட்டருக்கு மாற்றி, போனில் இருந்து எடுத்துவிட்டேன். இந்தப் புத்திசாலித்தனமும் என்னுடையதுதான். மைனி, அதாவது அண்ணன் மனைவி, வெள்ளிக்கிழமைதோறும் யாசீன் ஓதிவிட்டு அதற்கு முன்னால் உட்காருவார். முகத்தைப் பார்ப்பார். முகத்தை மூடுகிற இடத்தில் நிறுத்திவிடுவார். அதற்கு மேல் பார்க்க அவருக்குத் தெம்பு இல்லை. எனக்கும் இல்லை. ஊருக்கெல்லாம் உபதேசம் பண்ணுகிறவன், சொந்த அண்ணனை மண்ணில் வைப்பதைப் பார்க்கப் பயந்து மூன்று வருடம் ஓட்டிவிட்டேன்.

பிறகு எனக்கு மக்காவுக்கு உம்ரா போக வாய்த்தது. சொல்லப் போனபோது மைனி கை வேலையைப் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"அப்ப ஜித்தாவுல எறங்குவியல்லா?"

"ஆமா மைனி."

"அவங்க கபருக்குப் போயி எனக்காவ ஒரு சலாம் சொல்லிட்டு வாரியளா?"

பெண்களை அந்த மையவாடிக்குள் விடுவதில்லை. எவ்வளவு காசு சேர்த்தாலும் அவரால் வாசலைத் தாண்ட முடியாது. நான் போனால்தான் உண்டு. வீடியோவைக் கடைசி வரைக்கும் பார்த்து வழியை மனப்பாடம் செய்துகொள்கிறேன், அங்கே போய் நின்று உங்களுக்குப் போன் போடுகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

கிளம்ப மூன்று வாரம் இருக்கும்போது மைனி கூப்பிட்டார். "தம்பி, கம்ப்யூட்டர்ல டிக்கு டிக்குன்னு சத்தம் கேக்கு. படம் நின்னு நின்னு வருது."

"எத்தன நாளா?"

"ஒரு மாசமா இருக்கும்."

"ஒரு மாசமா கேட்டுக்கிட்டு இருந்துட்டு இப்பதான் சொல்லுதியளா?" என்று கத்திவிட்டேன். இனிமேல் அதை ஆன் செய்யக் கூடாது, நான் வருகிறேன் என்று சொல்லி வைத்தேன்.

ஹார்ட் டிஸ்க் அப்படிச் சத்தம் போட்டால் சாகக் கிடக்கிறது என்று அர்த்தம். ஓட்ட ஓட்ட இருக்கிற உயிரும் போய்க்கொண்டிருக்கும். அதனால் உள்ளே இருப்பதைத் திறந்து பார்க்கக் கூடாது. மொத்தத்தையும் ஒரே மூச்சில் புது டிஸ்க்கில் நகல் எடுத்துவிட்டு, அதற்குப் பிறகு நகலில்தான் பார்க்க வேண்டும். அதற்கென்று ஆபீஸில் ஒரு சின்னப் பெட்டி இருக்கிறது. மேலே இரண்டு துளை. இடது துளையில் பழைய டிஸ்க், வலது துளையில் புதியது. பட்டனை அழுத்தினால் இடதில் இருப்பது அப்படியே வலதுக்குப் போகும். வலதில் அதுவரை என்ன இருந்தாலும் அழிந்துவிடும். உறுதியா என்று அந்தப் பெட்டி ஒரு வார்த்தை கேட்காது.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து, அந்தப் பெட்டியும் ஒரு புது டிஸ்க்குமாக நேராக அண்ணன் வீட்டுக்குப் போனேன். மைனி சோறும் கறியாணமும் ஆக்கி வைத்திருந்தார். வேலை முடிந்த பிறகு சாப்பிடுகிறேன் என்று சொல்லிவிட்டுக் கம்ப்யூட்டரைக் கழற்றினேன். பழைய டிஸ்க்கை வெளியே எடுத்த நேரத்தில் ஆபீஸில் இருந்து போன். ஒருத்தன் தன் ஒரு வருட வேலையை அழித்துவிட்டு அழுகிறான். டிஸ்க்கை மைனி கையில் கொடுத்துவிட்டு, ஜன்னல் பக்கம் போய் நின்று அவனைப் பிடித்து விளாசினேன். இன்னொரு காப்பி எடுத்து வைக்காதவனெல்லாம் எதற்குக் கம்ப்யூட்டரைத் தொடுகிறான் என்று கேட்டேன்.

மைனி அந்த டிஸ்க்கை முந்தானையால் துடைத்தார். பெட்டியைக் காட்டி, "இத இங்கன வச்சிரவா தம்பி?" என்றார். நான் திரும்பாமலே தலையை ஆட்டினேன். அவர் பிஸ்மி சொல்வது காதில் விழுந்தது.

எங்கள் வீடுகளில் எதையும் சோத்தாங்கைப் பக்கம்தான் தொடங்குவோம். வாசல்படியில் வலது கால், சட்டையில் வலது கை, சபையில் பெரியவருக்கு வலப்பக்கம். மேலான பொருளை இடப்பக்கம் வைக்க மைனிக்குக் கை வராது. வலது துளையில் வைத்திருந்தார். நான் கோபம் அடங்காமல் திரும்பி வந்தேன். ஒரு துளை காலியாக இருந்தது, புது டிஸ்க்கை அதில் சொருகினேன். இரண்டும் ஒரே அளவு, ஒரே கம்பெனி. அலைந்து தேடி அதே மாதிரி வாங்கியிருந்தேன். குனிந்து பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். தினமும் செய்கிற வேலை, அதை என்ன பார்ப்பது என்று பட்டனை அழுத்தினேன்.

நான்கு விளக்குகள் ஒன்றன் பின் ஒன்றாக எரிய வேண்டும். எரிந்தன. பழைய டிஸ்க் முரண்டு பிடிக்கும் என்று பயந்திருந்தேன், அது ஒரு முனகல் கூட இல்லாமல் ஒத்துழைத்தது. கறியாணத்தை இரண்டாம் தடவை கேட்டு வாங்கி ஊற்றிக்கொண்டேன். மைனி பக்கத்தில் உட்கார்ந்து அந்த விளக்குகளையே பார்த்துக்கொண்டிருந்தார். "நாலும் எரிஞ்சா அவங்க வந்துருவாங்களா?" என்று கேட்டார். வந்துவிடுவான் என்றேன்.

நான்காவது விளக்கு எரிந்த பிறகு இரண்டையும் வெளியே எடுத்தேன். இடது துளையில் இருந்து எடுத்த டிஸ்க்கில் கடைக்காரர் ஒட்டிய சீட்டு புத்தம் புதிதாக இருந்தது. இரண்டையும் மாற்றி மாற்றி என் லேப்டாப்பில் போட்டுப் பார்த்தேன். இரண்டும் காலி. புதியதில் இருந்த வெறுமையைத்தான் பழையதின் மேல் நகல் எடுத்திருந்தேன். அழித்ததை மீட்கலாம். மேலே எழுதிவிட்டால் ஒன்றும் செய்ய முடியாது. இதையும் எத்தனையோ பேரிடம் நான் அலட்சியமாகச் சொல்லியிருக்கிறேன்.

மைனி என் முகத்தையே பார்த்தார். உண்மையைச் சொன்னால், பிஸ்மி சொல்லி வைத்த அந்தக் கையை அவர் ஆயுசு முழுக்கப் பார்த்துக்கொண்டிருப்பார் என்று தோன்றியது. "டிஸ்க்கு முன்னாலயே செத்துப் போச்சு மைனி. ஒண்ணும் வரல" என்றேன். அவருக்காகத்தான் பொய் சொன்னேன் என்று சொல்லிக்கொள்வது எனக்கு வசதியாக இருக்கிறது. பாதிதான் அவருக்காக. அவர் வைத்தது தப்பில்லை, பார்க்காமல் அழுத்தியவன் நான் என்று சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை.

அவர் அழவில்லை. "நாந்தான் தேய வச்சிட்டேன்" என்றார். "வாராவாரம் போட்டுப் போட்டுப் பாத்தேன்லா. அடக்கமா இருந்திருக்கணும்." அதெல்லாம் இல்லை மைனி என்று நான் எவ்வளவு சொல்லியும் அவர் கேட்கவில்லை. எந்தப் பழி அவர் மேல் விழக் கூடாது என்று நினைத்தேனோ, அதைவிடக் கொடுமையான ஒன்றை என் பொய் அவர் தலையில் தூக்கி வைத்துவிட்டது. புருசன் முகத்தைப் பார்த்ததே குற்றம் என்றாகிவிட்டது. அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை.

வீடியோ எடுத்த கூட்டாளியைத் தேடிப் பிடித்தேன். அவர் வேலையை விட்டு ஊருக்கு வந்து, போனை இரண்டு தடவை மாற்றிவிட்டிருந்தார். எதுவும் மிச்சமில்லை. "உள்ள போயி சொவத்த ஒட்டி கொஞ்ச தூரம்" என்பது வரைக்கும்தான் அவருக்கு ஞாபகம் இருந்தது. மைனியிடம், "எடம் தெரிஞ்சுபோச்சு, கூட்டாளி வெவரமா சொல்லிட்டாரு" என்றேன். அன்றைக்குத்தான் பல நாள் கழித்து அவர் முகத்தில் தெளிச்சியைப் பார்த்தேன்.

உம்ராவை முடித்துவிட்டு அந்த மையவாடிக்குப் போனேன். வெயில் தாழ்ந்த அஸர் நேரம். சுவரை ஒட்டியே கண்ணுக்கு எட்டிய மட்டும் கற்கள். அங்கிருந்த காவலாளியிடம் எனக்குத் தெரிந்த அரபியில் மாதத்தையும் வருடத்தையும் சொன்னேன். அவர் கையை வீசி ஒரு பக்கத்தையே காட்டினார். அந்தப் பக்கத்தில் மட்டும் சில நூறு பேர் இருப்பார்கள். வரிசை வரிசையாக நடந்தேன். கூடப் பிறந்தவனாயிற்றே, மனசு சொல்லிவிடும் என்று நம்பித்தான் போயிருந்தேன். மனசு ஒன்றும் சொல்லவில்லை. அதற்குள் போனில் வீடியோ கால் வந்துவிட்டது. மைனி வெள்ளைத் துப்பட்டி போட்டு, ஒளு செய்து கழுவிய முகத்தோடு உட்கார்ந்திருந்தார்.

"வந்துட்டியளா தம்பி? எது?"

பக்கத்தில் இருந்த ஒரு கல்லைக் காட்டினேன். "இதுதான் மைனி."

அவர் சலாம் சொன்னார். பிறகு, "போன அங்கன வச்சிட்டு நீங்க கொஞ்சம் தள்ளிப் போறியளா? அவங்ககிட்ட நான் பேசணும்" என்றார்.

யாரென்று தெரியாத ஒருவருடைய தலைமாட்டுக் கல்லில் போனைச் சாய்த்து வைத்துவிட்டுத் தள்ளிப் போனேன். அவர் பேசுவது இரைச்சலாகக் கேட்டது, வார்த்தை கேட்கவில்லை. நடுவில் ஒரு தடவை சிரித்த மாதிரியும் இருந்தது. நான் மற்றக் கற்களுக்கு ஒவ்வொன்றாகச் சலாம் சொல்லிக்கொண்டே போனேன், இதில் ஏதாவது ஒன்று அவனாக இருக்கும் என்று. எங்கிருந்தாவது "ஏலே, இங்கன கெடக்கேன்" என்று அவன் கூப்பிட மாட்டானா என்று இருந்தது. வெட்கத்தை விட்டு அழுதேன்.

திரும்பி வந்து போனை எடுத்தபோது மைனி முகம் துடைத்திருந்தார். "இப்பதான் லேசா இருக்கு தம்பி. மூணு வருசமா நெஞ்சுல கெடந்தத எல்லாம் சொல்லிட்டேன்." பிறகு அவரே சொன்னார்: "வாசல்ல இருந்து இங்கன வரைக்கும் பைய நடந்து ஒரு வீடியோ எடுங்க. இந்தத் தடவ ஒரே எடத்துல வைக்காண்டாம். நீங்கதான எல்லாருக்கும் சொல்லுவிய."

எடுத்தேன். வாசலில் இருந்து நடந்தேன், கை நடுங்காமல் பிடித்தேன், அந்தக் கல்லில் வந்து நிறுத்தினேன். மைனியின் போனில் ஒன்று, என் போனில் ஒன்று, கம்ப்யூட்டரில் போட்ட அந்தப் புது டிஸ்க்கில் ஒன்று, தனியாக ஒரு பென் டிரைவில் ஒன்று. நான்கையும் திறந்து, ஓடுகிறதா என்று பார்த்தேன். நான் வாழ்க்கையில் இவ்வளவு ஒழுங்காக எதையும் பத்திரப்படுத்தியதில்லை.

போன வாரம் அடுத்த தெருவில் ஒருவர் உம்ராவுக்குக் கிளம்பினார். மைனி அவருக்கு அந்த வீடியோவை அனுப்பி, போய்ச் சலாம் சொல்லிவிட்டு வரச் சொல்லியிருக்கிறார். தம்பி தெளிவாக எடுத்திருக்கிறான், தேடவே வேண்டாம் என்றும் சொன்னாராம். இனி எங்கள் ஊரில் இருந்து யார் போனாலும் அந்தக் கல்லுக்குத்தான் போவார்கள். என் அண்ணனிடம் யாரும் போக மாட்டார்கள்.