கோழிக்கு ஏது விரதம்

டத்தோ கிராமாட் வட்டாரத்தில் எங்கள் பக்கத்து வீட்டு அக்கா கறிக்கோழி வளர்த்தார். கோபம் வந்தால் முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொள்வார். தைப்பூச விரதம் தொடங்கியதும் ஈப்போவுக்குப் போனவர், வளரும் குஞ்சுகளுக்கு மீன்குடல் நறுக்கிப் போடச் சொல்லி அவற்றை என்னிடம் விட்டுப் போனார். மீனைத் தொட்டால் விரதம் கெடுமே என்று நான் வெறும் தவிடுதான் போட்டேன்.

இரண்டு வாரம் கழித்து ரிக்‌ஷாவை விட்டு இறங்கியவர், ஒரு குஞ்சைத் தூக்கி என் கையில் திணித்தார். அதன் நெஞ்செலும்பு குத்தியது. முந்தானை இடுப்புக்குப் போனது.

“காவடி நீ எடுக்கிறியா, இது எடுக்குதா?”

“விரதம்க்கா...”

“மீனைத் தொட்டா குளிச்சிட்டுப் போ! வளர்ற உசுர பட்டினி போட்ட பாவத்த எங்கடா கழுவுவ?”

அவரும் விரதம்தான். பாசாருக்கு ஓடி, மீன்குடல் வாங்கிவந்து நறுக்கிப் போட்டுவிட்டு, கிணற்றடியில் தலைக்கு ஊற்றிக்கொண்டார்.

தைப்பூசத்தன்று தண்ணீர்மலைக் கோயில் படி ஏறும்போது எனக்குக் காவடி கனக்கவில்லை. உள்ளங்கையில் அந்த எலும்புதான் குத்திக்கொண்டே வந்தது.