சத்தம் நின்றதும் எல்லாரும் சந்தோஷப்பட்டோம்

எங்கள் பெரியம்மாவுக்குக் காது கேட்காது. கல்யாணத்துக்கு அப்புறம் வந்த ஒரு காய்ச்சல், போகும்போது காதையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. பெரியப்பாவோ வாயை மூடாத ஆள். வீட்டில் அவருக்குப் பெயர் ரேடியோ. அதனால்தான் அந்தக் கல்யாணம் இன்னும் தாக்குப்பிடிக்கிறது என்று ஒருதடவை முணுமுணுத்து வாங்கிக் கட்டிக்கொண்டேன். பெரியம்மா உதட்டைப் பார்த்தே படித்துவிடுவார் என்பது மறந்துபோனது.

இன்னும் கட்டாத வீட்டைக் கட்டி முடித்த மாதிரி கம்ப்யூட்டரில் படம் போடுவதுதான் பெரியம்மாவின் வேலை. படத்தில் சன்னல் வழியாக வெயில் விழும், சோபா மெத்தை கசங்கியிருக்கும். போய்ப் பார்த்தால் அந்த இடத்தில் செங்கல்கூட இறங்கியிருக்காது. போன் எடுக்க முடியாதவரை வைத்து என்ன செய்வது என்று பழைய ஆபீஸ் அனுப்பிவிட்டது. வீட்டிலிருந்து செய்யும் இந்த வேலையில் எல்லாமே மெசேஜ். இதை விட்டால் வேறு இல்லை என்பது அவருக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும்.

கூடத்து மூலையில் இருக்கும் அந்தக் கம்ப்யூட்டர், போன கோடையிலிருந்து பல்லை நறநறவென்று கடிக்க ஆரம்பித்தது. டிவி காதில் விழவில்லை என்று ரேடியோ அலுத்துக்கொண்டார். பெரியம்மாவிடம் மட்டும் யாரும் சொல்லவில்லை. சொன்னால், தன்னால் எல்லாருக்கும் தொந்தரவு என்று மனசு சங்கடப்படுமே. ஒருநாள் சத்தம் தானாக நின்றது. பெரியப்பா 'அப்பாடா' என்று காலை நீட்டினார். நான் கைதட்டினேன்.

அதற்கப்புறம்தான் படம் பாதியில் நிற்க ஆரம்பித்தது. ஒரு படம் முழுசாக வர மணிக்கணக்காகும் என்பதால், பெரியம்மா அதை ஓடவிட்டுத் துணி மடிக்கப் போவார். திரும்பி வந்தால் திரை கறுப்பாகக் கிடக்கும். வேலை கொடுத்த பில்டர் முதலில் மரியாதையாகக் கேட்டார், அப்புறம் வெறும் கேள்விக்குறி அனுப்பினார், கடைசியில் வேறு ஆள் இருப்பதாகச் சொன்னார். தான்தான் எதையோ தப்பாக அழுத்திவிட்டோம் என்று நினைத்த பெரியம்மா, செய்ததையெல்லாம் அழித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து செய்தார்.

கம்ப்யூட்டரின் மூளையான புராசஸரின் சூட்டைக் காட்டும் மென்பொருள் ஒன்றை இறக்கிக் கொடுத்தேன். படத்தை ஓடவிட்டதும் சூடு எண்பது, தொண்ணூறு என்று ஏறி, நூறைத் தொட்டதும் பொட்டென்று எல்லாம் அணைந்தது. பெரியம்மா பெட்டியின் பக்கத்து மூடியைக் கழற்றிவிட்டு, மறுபடி ஆன் செய்து பார்த்தார். புராசஸர் மேல் உட்கார்ந்து சூட்டைத் தணிக்கும் குட்டி ஃபேன் அசையவே இல்லை.

"இது எப்போ நின்னுச்சு?"

பெரியப்பா என்னைப் பார்த்தார். நான், பெரியம்மா கழற்றி வைத்த மூடியைப் பார்த்தேன்.

"போன வாரம், பெரியம்மா. அதுக்கு முன்னாடி ரொம்ப நாளா சத்தம் போட்டுச்சு."

"எனக்குக் காதுதான் போச்சு. உங்களுக்கெல்லாம் வாயும் போச்சா?"

ரேடியோ முதல்தடவையாக ஆஃப் ஆனது.

புது ஃபேன் வாங்கப் போன கடையில் விளக்கு மின்னும் கூலர் ஒன்றை எடுத்து நீட்டினார்கள், உள்ளே தண்ணீர் ஓடும் வகை. ஓடுகிறதா இல்லையா என்றே தெரியாது, அவ்வளவு அமைதி என்று கடைக்காரர் பெருமைப்பட்டார். பெரியம்மா அவர் உதட்டைப் படித்துவிட்டு, கூலரைத் தொடாமல் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"ஓடுறது எனக்குத் தெரியணும் தம்பி. உள்ள இருக்கிற மோட்டார் நின்னா யாரு சொல்லுவா?"

அந்த 'யாரு' எனக்குத்தான்.

கோபுரம் மாதிரித் தகடு அடுக்கி, உள்ளங்கை அகலத்துக்கு ஃபேன் வைத்த ஒன்றைக் கேட்டு எடுத்தார். உங்கள் புராசஸருக்குத் தாராளமாகப் போதும், ஆனால் உயரம் அதிகம், பெட்டி மூடாது, தூசி அடையும் என்றார் கடைக்காரர். மூடப்போவதில்லை, தூசியைத் துடைத்துக்கொள்கிறேன் என்று பெரியம்மா வாங்கிவிட்டார்.

இப்போது எவ்வளவு நேரம் ஓடினாலும் சூடு எழுபதைத் தாண்டுவதில்லை. பில்டர் மட்டும் பாதி வீடுகளின் படங்களை வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டார். அந்த மெசேஜைப் பார்த்துவிட்டுப் பெரியம்மா மிச்சப் பாதிக்கு உட்கார்ந்துவிட்டார்.

நான் பள்ளிக்கூடம் போன காலத்துத் தலை ரிப்பனில் ஒரு துண்டு வெட்டி, காற்று வரும் பக்கத் தகட்டில் அவரே கட்டியிருக்கிறார். அது படபடவென்று ஆடிக்கொண்டிருக்கிறது. அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் பெரியப்பா அவர் முகத்துக்கு நேராகக் குனிந்து, "ஓடுது, நல்லா ஓடுது" என்கிறார். பெரியம்மா அவர் உதட்டைப் பார்ப்பதில்லை. தலையை நகர்த்தி ரிப்பனைப் பார்க்கிறார்.