காபரேட்டரில் தண்ணீர்

மூன்று நாளில் இரண்டு தடவை எங்கள் பயிற்சி விமானத்தின் என்ஜின் வானத்திலேயே இருமி நின்றது. எப்படியோ ஓட்டிய கேப்டன் மைதானத்துக்குள் இறக்கிவிட்டார். தரையில் வைத்து முடுக்கினால் உடனே ஸ்டார்ட் ஆனது. உலகச் சண்டைக் காலம், மார்கழி மாதம், பெங்களூரில் காற்றெல்லாம் ஈரம். நான் அங்கே மெக்கானிக். என்ஜினுக்குப் பெட்ரோல் விடும் காபரேட்டரைக் கழற்றினேன். உள்ளே தண்ணீர்.

நான் பிறவியிலேயே சந்தேகப் பிராணி. பால்காரர் எதிரிலேயே பாலை விரலில் தொட்டுப் பார்ப்பேன். மனைவி தலையில் அடித்துக்கொள்வாள். தண்ணீரைப் பார்த்ததும் பெட்ரோல் போடும் மஸ்தான் பாய் முகம்தான் தெரிந்தது. டின் பெட்ரோலை, தண்ணீரை நிறுத்திவிடும் மெல்லிய தோலில் வடிகட்டித்தான் டாங்கில் ஊற்ற வேண்டும். பாய் என் எதிரில் ஒழுங்காகத்தான் வடிகட்டுவார். நான் இல்லாதபோது?

தலைமை என்ஜினீயர் லூர்துசாமி சாரிடம் போய், பாய் மேல் சந்தேகம் என்று சொன்னேன்.

“நல்லா தெரியுமாப்பா? சண்டை டைம். நாசவேலைன்னா போலீசுக்குச் சொல்லியாகணும்.”

“வேற யாரு சார் பெட்ரோலைத் தொடறா?”

மத்தியானமே போலீஸ் வந்து பாயைப் பிடித்தது. “அண்ணா, நீங்களாவது சொல்லுங்கண்ணா,” என்றார் பாய். நான் ஸ்பானரைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் புது டின் உடைத்து, நானே இரண்டு முறை வடிகட்டி நிரப்பினேன். “சரின்னு கையெழுத்து போட்டீங்கல்ல? கூட வாங்க,” என்று கேப்டன் என்னை முன் சீட்டில் ஏற்றிவிட்டார். என்ஜினைக் குறைத்து இறங்கும்போது அதே இருமல். பிறகு காற்றுச் சத்தம் மட்டும். ஐயோ, போச்சு என்று கண்ணை மூடிக்கொண்டேன். அறுத்த ராகிக் கொல்லையில் குலுங்கி இறங்கினோம். கேப்டன் திட்டிக்கொண்டே போன் தேடி ரோட்டுக்குப் போனார்.

நான் என்ஜின் மூடியைத் திறந்து காபரேட்டரில் கை வைத்தேன். சுரீரென்றது. மேலெல்லாம் வெள்ளையாக ஐஸ்! ஈரக் காற்றும் பெட்ரோலும் சேரும் இடத்தில் உறைந்து என்ஜினின் மூச்சை அடைத்திருந்தது. சீமையில் பனிக்காலத்தில் இப்படி ஆகும் என்று பாடத்தில் சொன்னார்கள். அதற்காகவே, என்ஜினைக் குறைத்தால் சூடு காற்றை விட ஒரு சின்னக் கதவு தானே திறக்கும்.

அந்தக் கதவு மூடியபடியே கம்பியால் கட்டப்பட்டிருந்தது. கட்டியவன் நான். சித்திரை வெயிலில், இந்த ஊருக்கு எதற்குச் சூடு காற்று என்று யாரையும் கேட்காமல் கட்டியது.

பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஐஸ் உருகிச் சொட்டிவிட்டது. கட்டிங் பிளேயரைக் கம்பியில் வைத்தேன். ஒரு வெட்டு போதும், எனக்கு ஒன்றும் ஆகாது. பாய் ஜெயிலுக்குப் போவார். வெட்டாமலே பிளேயரை எடுத்துவிட்டேன்.

லூர்துசாமி சார் வந்து குனிந்து பார்த்தார். “பார்த்தியா, மறுபடி தண்ணி! அந்த ஆளு டின்னுலயே கலந்திருக்கான்.”

“இது ஐஸ் உருகின தண்ணி சார்.”

“சூடு காத்துக் கதவு இருக்கறப்ப ஐஸ் எப்படிப்பா வரும்?”

“நான்தான் கம்பி போட்டுக் கட்டிட்டேன் சார்.”

அவர் கம்பியைத் தொட்டுப் பார்த்தார். பிறகு பாயை விடச் சொல்லப் போன் தேடிப் போனார்.

என்னை ஹெல்பர் வேலைக்கு இறக்கினார்கள். பாயை அன்று சாயங்காலமே விட்டார்கள். மன்னிப்புக் கேட்கக் கண்டோன்மென்ட்டில் அவர் வீட்டுக்குப் போனேன். “பரவால்ல அண்ணா, உள்ள வாங்க,” என்றார் பாய். அவர் மனைவி வாசலை விட்டு நகரவில்லை.

“இவர இட்டுனு போனத தெருவே பார்த்துச்சு. தப்பு உங்களுதுன்னா, உங்கள ஏன் போலீஸ் புடிக்கல?”

இளைய மெக்கானிக்குகளுக்குச் சொல்கிறேன்: பழுது என்றால் முதலில் உங்கள் கை பட்ட இடத்தைப் பாருங்கள். அந்த அம்மா கேட்டதையும் அப்படியே சொல்லிவிடுகிறேன்.